உரிமைக்கும் ஒரு தேதி உண்டு: பிரிட்டனில் சொலிசிட்டர் மூலம் சட்ட உரிமை கோருதல்

லண்டனின் புறநகர் ஒன்றில், பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த கடையில் பணிபுரிந்த ஒரு தமிழரை எண்ணிப் பாருங்கள். அங்கே பதினொரு மாதங்கள் வேலை செய்தார். கடைசி இரண்டு மாதச் சம்பளம் அவர் கைக்கு வரவில்லை. இடையில் ஒருநாள், ஸ்டோர் ரூமில் இருந்த பழுதடைந்த ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. முதலாளி ஊர்க்காரர். வேலை எடுத்துக் கொடுத்தவரோ உறவினர். "கொஞ்சம் பொறும் தம்பி, பார்த்துச் செய்வோம்" என்ற வார்த்தையை நம்பி, வேலையை விட்ட பின்னும் ஐந்து மாதங்கள் காத்திருந்தார். அதன் பிறகுதான் ஒரு சொலிசிட்டரைத் தேடிச் சென்றார். சொலிசிட்டர் அவரிடம் முதலில் கேட்டது, என்ன நடந்தது என்பதை அல்ல. எந்தத் தேதியில் நடந்தது என்பதைத்தான்.

இது விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டு. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு கூறும் பிரிட்டனில் வாழும் தமிழருக்குப் பழக்கமானதே. சட்டம் தரும் உரிமையைப் பலர் இழப்பது நீதிமன்றத்தில் தோற்பதால் அல்ல. தயக்கத்தினாலும் கூச்சத்தினாலும் காலக்கெடுவைக் கடக்க விடுவதால்தான் அவர்கள் அதை இழக்கிறார்கள். தனிநபரின் சட்ட உரிமைகளை எவ்வாறு அறிந்துகொள்வது, அவற்றை ஒரு சொலிசிட்டர் மூலம் எவ்வாறு கோருவது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இங்கு கூறப்படுபவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்ட அமைப்பு வேறானது என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

தமிழரும் பிரிட்டிஷ் நீதிமன்றங்களும்

பிரிட்டிஷ் நீதிமன்றங்களை நாடுவது தமிழருக்குப் புதிதன்று. 1987 பெப்ரவரியில், தஞ்சம் கோரி வந்த தமிழர்களைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் முற்பட்டபோது, ஹீத்ரோ விமான நிலையத்தில் அவர்கள் தமது உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்த செய்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. அவர்கள் சார்பில் நீதிமன்றம் நாடப்பட்டதால் வெளியேற்றம் தடைப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில், வேறு சில தமிழர்களின் தஞ்சக் கோரிக்கை தொடர்பான சிவகுமாரன் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து 1988 இல் ஐந்து தமிழர்கள் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அத்தோடு விடயம் முடிந்துவிடவில்லை. நாட்டுக்கு வெளியே இருந்தபடியே தமது மேன்முறையீடுகளை அவர்கள் தொடர்ந்தார்கள். 1989 இல் அவை ஏற்றுக்கொள்ளப்பட்டு, பிரிட்டனுக்குத் திரும்பவும் அனுமதிக்கப்பட்டார்கள். விமானத்தில் ஏற்றப்பட்ட பின்னரும் அவர்களுக்கு ஒரு வழி எஞ்சியிருந்தது. அந்த வழி எதுவென்று அறிந்த சட்டத்தரணிகளும் இருந்தார்கள். இவர்களது வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. அங்கு 1991 இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

தஞ்சம் கோருவதில் சட்டத்தரணியை நாடத் தயங்காத நமது சமூகம், சம்பளம், விபத்து, கைமாற்றுக் கடன், பாகுபாடு போன்ற அன்றாட விடயங்களில் மட்டும் ஒதுங்கி நிற்பது ஏன் என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி.

சொலிசிட்டர் என்பவர் யார்?

இங்கிலாந்தில் சட்டத் தொழில் இரு பிரிவாக உள்ளது. கட்சிக்காரரை நேரில் சந்தித்து ஆலோசனை வழங்குவது, கடிதங்கள் எழுதுவது, ஆவணங்களைத் திரட்டுவது, வழக்கைக் கொண்டு நடத்துவது ஆகியவை சொலிசிட்டரின் பணி. பெரும்பாலும் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுபவர் பாரிஸ்டர். தேவைப்படும்போது பாரிஸ்டரை அமர்த்துவதும் வழக்கமாகச் சொலிசிட்டரே.

சொலிசிட்டர்களைக் கண்காணிப்பது, 2007 இல் உருவாக்கப்பட்ட சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதோரிட்டி என்ற அமைப்பு. அதன் பதிவேட்டை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்வையிடலாம். ஒரு நிறுவனத்தை நாடுமுன், அதுவும் அங்கு உங்களைச் சந்திக்கும் நபரும் அப்பதிவேட்டில் உள்ளனரா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. தகுதியில்லாத ஒருவர் தம்மைச் சொலிசிட்டர் என்று கூறிக்கொள்வது 1974 ஆம் ஆண்டின் சொலிசிட்டர்கள் சட்டப்படி குற்றமாகும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. "விசா விடயம் எல்லாம் அண்ணைக்கு அத்துப்படி" என்று அறிமுகப்படுத்தப்படும் இடைத்தரகர்கள் நம்மவர் மத்தியில் எப்போதும் இருந்து வந்துள்ளனர். 1999 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் தஞ்சச் சட்டத்தின்படி, சொலிசிட்டரோ பாரிஸ்டரோ அல்லாத ஒருவர் உரிய பதிவின்றித் தொழில்ரீதியாகக் குடிவரவு ஆலோசனை வழங்குவது குற்றம். இத்தகைய ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்பு 2025 ஜனவரி முதல் இமிகிரேஷன் அட்வைஸ் அதோரிட்டி என்ற பெயரில் இயங்குகிறது. அதற்கும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேடு உண்டு.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

ஒவ்வொரு கோரிக்கைக்கும் சட்டம் ஒரு காலக்கெடு வைத்துள்ளது. கெடு கடந்துவிட்டால், வழக்கு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் எதிர்த்தரப்பு அதனைக் காட்டியே தப்பிக்க முடியும். முக்கியமான சில கெடுக்கள் வருமாறு:

- சம்பள நிலுவை, பணிநீக்கம், வேலையிடத்துப் பாகுபாடு ஆகியவற்றைத் தொழில் தீர்ப்பாயத்தில் கோருவதற்கு நெடுங்காலமாக இருந்துவரும் விதி: மூன்று மாதங்களுக்கு ஒரு நாள் குறைவு.
- கடை, வங்கி, வைத்தியசாலை போன்ற சேவைகளில் காட்டப்படும் பாகுபாடு: ஆறு மாதங்களுக்கு ஒரு நாள் குறைவு.
- அவதூறு: ஓர் ஆண்டு.
- வன்முறைக் குற்றத்தால் காயமடைந்தோர் அரசின் இழப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது: பொதுவாக இரண்டு ஆண்டுகள்.
- விபத்து அல்லது மருத்துவக் கவனக்குறைவால் ஏற்பட்ட உடற்காயம்: மூன்று ஆண்டுகள். பாதிக்கப்பட்டவர் சிறுவர் எனில், பதினெட்டாவது பிறந்த நாளிலிருந்து இக்கணக்கு தொடங்கும்.
- ஒப்பந்த மீறல், கடன்: பொதுவாக ஆறு ஆண்டுகள்.
- நாட்டுக்குள் இருந்தபடி தஞ்ச மறுப்புக்கு எதிராக மேன்முறையீடு: பொதுவாக 14 நாட்கள்.

தொழில் தீர்ப்பாயக் கெடுவை ஆறு மாதங்களாக நீட்டுவதற்கான ஏற்பாடு 2025 ஆம் ஆண்டின் வேலை உரிமைகள் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. எனினும் அச்சட்டத்தின் பிரிவுகள் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன. தமது விவகாரம் நிகழ்ந்த தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதைச் சொலிசிட்டரிடம் உறுதி செய்துகொள்ளும் வரை, மூன்று மாதக் கணக்கை மனதிற்கொண்டு நடப்பதே பாதுகாப்பானது.

கணக்கிடும் முறையையும் கவனிக்க வேண்டும். மே 15 ஆம் தேதி தரப்பட வேண்டிய சம்பளம் தரப்படவில்லை எனில், மூன்று மாதக் கெடு ஆகஸ்ட் 14 ஆம் தேதியோடு முடிகிறது. தீர்ப்பாயத்துக்குச் செல்லுமுன் ஏகாஸ் எனப்படும் சமரச அமைப்புக்கு அறிவிப்பது 2014 முதல் கட்டாயம். கெடுவுக்குள் ஏகாஸுக்கு அறிவித்துவிட்டால், சமரச முயற்சி நடக்கும் காலத்தில் கடிகாரம் நிறுத்தி வைக்கப்படும். முதலாளியோடு நேரில் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் அது நிற்பதில்லை. "பார்த்துச் செய்வோம்" என்ற சொல் ஆபத்தானதாவது இதனால்தான்.

ஒரு கதவு மூடினாலும் மறு கதவு

நமது எடுத்துக்காட்டில் வந்த தொழிலாளிக்குத் தீர்ப்பாயக் கெடு கடந்துவிட்டதாகவே கொள்வோம். கெடுவுக்குள் விண்ணப்பிப்பது நடைமுறையில் இயலாததாக இருந்தது என்று நிரூபித்தால் தீர்ப்பாயம் காலம் கடந்த சம்பளக் கோரிக்கையை ஏற்கக்கூடும். ஆனால் இந்த விதிவிலக்கு மிகக் குறுகியது. சட்டம் தெரியாது என்பது மட்டும் பெரும்பாலும் போதாது.

இருப்பினும் அவரது சம்பளம் முற்றாகப் போய்விடவில்லை. பேசிய சம்பளத்தைக் கொடுக்காமை ஓர் ஒப்பந்த மீறல். அதனைக் கவுண்டி கோர்ட் எனப்படும் உரிமையியல் நீதிமன்றத்தில் ஆறு ஆண்டுகளுக்குள் கோரலாம். 10,000 பவுண்டு வரையான பணக் கோரிக்கைகள் வழக்கமாகச் சிறு கோரிக்கைகள் பிரிவில் விசாரிக்கப்படும். சொலிசிட்டர் இல்லாமலே ஒருவர் தமது வழக்கைக் கொண்டு செல்லக்கூடியவாறு எளிமையாக்கப்பட்ட நடைமுறை அது. அங்கு நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டும். குறைந்த வருமானம் உடையோர் கட்டண விலக்குக் கோரலாம்.

தொழில் தீர்ப்பாயத்துக்கோ கட்டணம் கிடையாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2013 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு தீர்ப்பாயக் கோரிக்கைகளுக்குக் கட்டணம் விதித்தது. சிலவகை வழக்குகளில் அது விசாரணை வரை 1,200 பவுண்டாக இருந்தது. வழக்குகளின் எண்ணிக்கை பெருமளவு வீழ்ந்தது. யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், 2017 ஜூலை 26 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இக்கட்டணங்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. நீதிமன்றத்தை அணுக முடியாத நிலை ஏற்பட்டால், நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்கள் வெற்று எழுத்தாகிவிடும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று பலர் கவலைப்படுகின்றனர். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. 2020 ஏப்ரல் முதல், வேலை தொடங்கும் நாளிலேயே பணி விபரங்களை எழுத்தில் தர வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு. அதனை அவர் செய்யத் தவறியது தொழிலாளியின் குற்றமாகாது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை செய்ய ஒருவர் தாமே சம்மதித்திருந்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது. அதேபோல், ஒருவரைச் சுயதொழிலாளி என்று காகிதத்தில் எழுதிவிடுவதால் மட்டும் அவரது உரிமைகள் மறைந்துவிடுவதில்லை. ஊபர் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் 2021 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. மினிகேப் ஓட்டும் தமிழர்களுக்கு இத்தீர்ப்பு நேரடியாகவே பயன்படக்கூடியது.

விபத்தும் காப்புறுதியும்

மணிக்கட்டுக் காயத்தைப் பொறுத்தவரை மூன்று ஆண்டுக் கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே பலரைத் தடுப்பது கெடு அல்ல, மனக்கூச்சம். "உப்பிட்டவரை எப்படி நீதிமன்றத்துக்கு இழுப்பது?" என்று கேட்பார்கள்.

இக்கேள்விக்குச் சட்டம் 1969 இலேயே ஒரு விடையை ஏற்படுத்தியது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பிரிட்டனில் ஆட்களை வேலைக்கு அமர்த்தும் அநேகமான முதலாளிகள் தொழிலாளரின் காயத்துக்கும் நோய்க்கும் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். அதன் குறைந்தபட்ச அளவு 50 லட்சம் பவுண்டு. எனவே வழக்கு முதலாளியின் பெயரில் தொடுக்கப்பட்டாலும், இழப்பீட்டைக் கொடுப்பது வழக்கமாகக் காப்புறுதி நிறுவனமே. முதலாளி சந்தா கட்டியிருப்பதும் இதற்காகத்தான். இதைப் புரிந்துகொண்டால் உறவையும் காப்பாற்றலாம், உரிமையையும் காப்பாற்றலாம்.

ஆனால் சான்று வேண்டும். 2013 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் பின், பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்று காட்டுவது மட்டும் பொதுவாகப் போதாது. முதலாளியின் கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டும். ஏணியின் படம், விபத்துப் பதிவேட்டில் எழுதிய குறிப்பு, உடன் நின்றவரின் பெயர், அன்றே அனுப்பிய குறுஞ்செய்தி ஆகிய ஒவ்வொன்றும் பெறுமதியானது.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. முதலாளிக்குச் சிக்கல் வரக்கூடாது என்றெண்ணி, வைத்தியசாலையில் "வீட்டில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லும் வழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. அந்த ஒரு வரி மருத்துவக் குறிப்பில் பதிவாகிவிடும். இரண்டு ஆண்டுகள் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியாகவே இருக்கும். மருத்துவரிடம் உண்மையைச் சொல்வதால் எவர்மீதும் வழக்குத் தொடுத்ததாக ஆகிவிடாது.

செலவு யாருடையது?

ஏழைகளுக்கு அரசு செலவில் சட்ட உதவி என்பது 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய ஏற்பாடு. 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதனைப் பெரிதும் சுருக்கிவிட்டது. சாதாரணச் சம்பள, பணிநீக்க வழக்குகளுக்கும், தஞ்சம் சாராத குடிவரவு விடயங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இன்று சட்ட உதவி இல்லை. தஞ்சக் கோரிக்கைக்கும், சமத்துவச் சட்டத்தின் கீழ் வரும் பாகுபாட்டு விடயங்களுக்கும், வீட்டை இழக்கும் ஆபத்துக்கும், சான்றோடு கூடிய குடும்ப வன்முறை வழக்குகளுக்கும் அது தொடர்கிறது. வருமானமும் சேமிப்பும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை.

மற்றவர்களுக்கு உள்ள வழிகளில் பரவலாக அறியப்பட்டது "வென்றால் மட்டுமே கட்டணம்" என்ற ஏற்பாடு. தோற்றால் சொலிசிட்டருக்குக் கட்டணம் இல்லை. வென்றால், கட்டணத்தோடு ஒரு வெற்றித் தொகையையும் அவர் பெறுவார். உடற்காய வழக்கில் இந்த வெற்றித் தொகை, எதிர்கால இழப்புக்கான பணம் நீங்கலாக, கிடைக்கும் இழப்பீட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தொழில் தீர்ப்பாய வழக்கில் இழப்பீட்டின் ஒரு பங்கையே கட்டணமாகப் பெறும் ஒப்பந்தம் எனில் உச்ச வரம்பு 35 சதவீதம்.

இங்கே சிறு எழுத்துகளையும் வாசிக்க வேண்டும். மருத்துவ அறிக்கை, நீதிமன்றக் கட்டணம் போன்ற செலவுகளை யார் ஏற்பது? இடையில் வழக்கைக் கைவிட்டால் என்ன ஆகும்? சொலிசிட்டரின் ஆலோசனையை மீறிச் சமரசத்தை மறுத்தால் என்ன ஆகும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் பெற்ற பின்னரே கையொப்பமிட வேண்டும்.

அதற்கு முன் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சட்டச் செலவுக்கான காப்பு அதில் அடங்கியிருக்கலாம். பலர் அதற்குப் பணம் கட்டிக்கொண்டே அதை அறியாதிருக்கின்றனர். தொழிற்சங்க உறுப்பினருக்குச் சங்கமே சொலிசிட்டரை ஏற்பாடு செய்யக்கூடும். 1939 இல் தொடங்கப்பட்ட சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களும், 1970 இல் வட கென்சிங்டனில் முதலாவதாகத் திறக்கப்பட்ட லோ சென்டர் வகையைச் சேர்ந்த நிலையங்களும் இலவச ஆலோசனை வழங்குகின்றன.

பணம் கொடுத்து அமர்த்துவோருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. குடிவரவு, வீடு வாங்குதல், நியாயமற்ற பணிநீக்கம் போன்ற சில சேவைகளின் கட்டண விபரத்தைச் சொலிசிட்டர் நிறுவனங்கள் தமது இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்பது 2018 டிசம்பர் முதல் விதி. "கட்டணம் எவ்வளவு?" என்று கேட்பது அநாகரிகமன்று. அது உங்கள் உரிமை.

முதல் சந்திப்பு

சொலிசிட்டரின் நேரமே அவரது கட்டணம். ஆகவே ஆயத்தமாகச் செல்வது பணத்தை மிச்சப்படுத்தும். நிகழ்ந்தவற்றைத் தேதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வேலை நேர அட்டவணை, வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். எதையும் அழிக்காதீர்கள். உங்களுக்குப் பாதகமான செய்தியாக இருந்தாலும் அதனை முதலில் சொலிசிட்டர் அறிந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வாயிலாக அவர் அறிய நேர்ந்தால் வழக்கு ஆட்டங்காணும்.

கடவுச்சீட்டையும் முகவரிச் சான்றையும் சொலிசிட்டர் கேட்பார். வீடு வாங்கும் விடயமெனில் பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார். இதை அவமதிப்பாக எண்ண வேண்டியதில்லை. கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி அவர் கேட்டே ஆக வேண்டும். சீட்டுப் பணமும் உறவினர் கொடுத்த கைமாற்றும் கலந்த நமது சேமிப்புகளுக்கு எழுத்துச் சான்று வைத்திருப்பதன் தேவையை இந்தக் கேள்வி நினைவூட்டுகிறது.

சொலிசிட்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு. எனது கோரிக்கைக்குக் கடைசித் தேதி எது? வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? மொத்தச் செலவு எவ்வளவாகலாம், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் என்மீது விழுமா? எனது கோப்பை நாளாந்தம் கையாளப்போவது யார்? சந்திப்புக்குப் பின் கட்டணமும் நிபந்தனைகளும் அடங்கிய கடிதம் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.

மொழி குறித்தும் ஒரு சொல். பாடசாலை செல்லும் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். குடும்ப வன்முறையையோ சித்திரவதையையோ பிள்ளையின் வாயால் எவரும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தொழில் தீர்ப்பாய விசாரணைக்கும் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கோரலாம்.

தமிழ்ச் சொலிசிட்டரிடம் சென்றால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். கட்சிக்காரரின் விடயத்தை இரகசியமாகக் காப்பது சொலிசிட்டரின் கட்டாயக் கடமை. ஒரே பிணக்கில் இரு தரப்புக்கும் அவர் செயற்பட முடியாது. "முதலாளிக்கும் எனக்கும் பொதுவான ஆள், இருவருக்கும் பேசித் தீர்த்து வைப்பார்" என்ற ஏற்பாடு சொலிசிட்டரின் பணியன்று. அப்படி ஒருவர் முன்வந்தால் வேறொருவரை நாடுங்கள்.

வழக்கின் பாதை

பெரும்பாலான கோரிக்கைகள் நீதிமன்றப் படியேறாமலே முடிகின்றன. முதலில் கோரிக்கையை விளக்கும் கடிதம் செல்லும். எதிர்த்தரப்பு பதிலளிக்க அவகாசம் வழங்கப்படும். ஆவணங்கள் பரிமாறப்படும், பேச்சுவார்த்தை நடக்கும். முன்கூட்டியே கடிதம் எழுதாமல் நேரடியாக வழக்குத் தொடுப்பவரை நீதிமன்றம் செலவு விடயத்தில் தண்டிக்கக்கூடும்.

சமரசத் தொகையை ஏற்பதா மறுப்பதா என்பதைத் தீர்மானிப்பவர் கட்சிக்காரரே. சொலிசிட்டர் ஆலோசனை கூறலாம், கட்டளையிட முடியாது. முதலாளி ஒரு தொகையைத் தந்து "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதி வாங்க விரும்பினால், தொழிலாளி சுயாதீனமான சட்ட ஆலோசனை பெற்றிருந்தாலன்றி அந்த ஒப்பந்தம் அவரது சட்டபூர்வ வேலை உரிமைகளைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. ஏகாஸ் மூலம் எட்டப்படும் இணக்கம் இதற்கு விலக்கு. அது உடனடியாகவே கட்டுப்படுத்தும்.

சொலிசிட்டர் தவறினால்

தொலைபேசிக்குப் பதிலில்லை, கட்டணம் சொன்னதைவிட உயர்ந்துவிட்டது, கோப்பு அசையவில்லை என்றால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும். எட்டு வாரங்களுக்குள் திருப்தியான பதில் இல்லையெனில் லீகல் ஒம்பட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரியை நாடலாம். 2010 அக்டோபரில் செயற்படத் தொடங்கிய இச்சேவை இலவசமானது. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்து ஆறு மாதங்களுக்குள்ளும், பொதுவாகக் குறை நிகழ்ந்து அல்லது தெரியவந்து ஓராண்டுக்குள்ளும் முறையிட வேண்டும். இங்கும் கெடு உண்டு என்பதைக் கவனிக்கவும். நேர்மையின்மை, பணக் கையாடல் போன்றவற்றைக் கண்காணிப்பு அமைப்பிடம் அறிவிக்க வேண்டும்.

சொலிசிட்டரின் கவனக்குறைவால் கெடு தவறியிருந்தால் அவர்மீதே இழப்பீடு கோரலாம். இதற்கெனச் சொலிசிட்டர் நிறுவனங்கள் தொழில்சார் காப்புறுதி வைத்திருப்பது கட்டாயம். சொலிசிட்டரை இடையில் மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கட்டணப் பாக்கி தீரும் வரை பழைய நிறுவனம் கோப்பைத் தடுத்து வைக்கக்கூடும்.

அச்சத்தின் விலை

உரிமை கேட்டால் வேலை போய்விடும் என்ற அச்சம் பொதுவானது. சட்டம் தரும் வேலை உரிமை ஒன்றை நல்லெண்ணத்தோடு கேட்டதற்காக ஒரு பணியாளரை நீக்குவது, அவர் எவ்வளவு காலம் பணியாற்றியிருந்தாலும், 1996 ஆம் ஆண்டின் வேலை உரிமைகள் சட்டப்படி நியாயமற்ற பணிநீக்கமாகும்.

விசா இல்லாதவர் அல்லது விசா நிபந்தனையை மீறி வேலை செய்தவர் நிலை கடினமானது. 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹௌங்கா வழக்கு இதற்குச் சான்று. வேலை செய்யும் அனுமதியின்றி ஒரு வீட்டில் பணிபுரிந்த நைஜீரிய இளம்பெண் ஒருவர் அங்கு வன்முறைக்கு ஆளாகி வெளியே தள்ளப்பட்டார். சட்டவிரோத வேலை என்ற காரணத்தால் அவரது சம்பளக் கோரிக்கை தீர்ப்பாயத்திலேயே நிராகரிக்கப்பட்டது. ஆயினும் இனப்பாகுபாட்டுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் அவருக்கு மீட்டுக் கொடுத்தது. விசா இல்லை என்பதால் எந்த உரிமையும் இல்லை என்று எவர் சொன்னாலும் அது முழு உண்மையன்று. ஆனால் இத்தகைய நிலையில் உள்ளவர், தீர்ப்பாயப் படிவத்தை நிரப்புமுன் குடிவரவுச் சட்டமும் வேலைச் சட்டமும் அறிந்த சொலிசிட்டரிடம் இரகசிய ஆலோசனை பெறுவது அவசியம்.

நமது பெட்ரோல் நிலையத் தொழிலாளிக்குச் சொலிசிட்டர் இறுதியில் என்ன சொல்லக்கூடும்? தீர்ப்பாயத்தின் கட்டணமில்லாத வழி அநேகமாக மூடிவிட்டது. சம்பளத்துக்குக் கவுண்டி கோர்ட் வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. மணிக்கட்டுக்கு இழப்பீடு கோர இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது, வைத்தியசாலையில் அவர் உண்மையைச் சொல்லியிருந்தால். இரண்டு மாதங்கள் முன்னதாக அவர் வந்திருந்தால் இந்தப் பட்டியல் வேறாக இருந்திருக்கும்.

ஒவ்வொருவரின் சூழ்நிலையும் தனித்தன்மை வாய்ந்தது. பொதுவான விளக்கக் கட்டுரை எதுவும் நேரடிச் சட்ட ஆலோசனைக்கு ஈடாகாது. ஆனால் ஆலோசனை பெறுவதற்கு முன்பே எவரும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அநீதி நிகழ்ந்த நாளை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து மூன்று மாதங்களை எண்ணி, அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே ஒரு வட்டமிடுங்கள். சொலிசிட்டரின் வாசலை அந்த வட்டத்துக்குள் எட்டிவிட வேண்டும்.